குள்ளஞ்சாவடியில் திரும்பிய கப்பல் பயணம்

இருபத்தாறு வருடம் ஆட்களை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். காசி, காஷ்மீர், அந்தமான் என்று எத்தனையோ பயணங்கள். ஆனால் நான் அதிகமாக யோசித்து, அதிகமாக உழைத்துத் திட்டமிட்ட பயணம் நெய்வேலியிலிருந்து குள்ளஞ்சாவடி வரைதான் போனது. முக்கால் மணி நேரம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் அனுபவத்தில் எதையாவது எழுதித் தரக் கேட்டபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

டிக்கெட் போடுவது, ரூம் பிடிப்பது, பெர்மிட் வாங்குவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் நாள் கணக்கில் அலைந்ததை நீங்கள் போனிலேயே முடித்துவிடுகிறீர்கள். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

கொரோனா வந்த முதல் வருடம், டவுன்ஷிப் பஜாரில் இருந்த என் ஆபீஸை வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டத்தான் திறந்தேன். பத்து மாதம் ஒரு வண்டி நகரவில்லை. அடுத்த வருடம் பொங்கல் கழிந்து தொற்று அடங்கியது போலத் தெரிந்தது. அந்த மாதத்தில் ஒருநாள் தனக்கோட்டி வந்தார்.

தனக்கோட்டி காடாம்புலியூர்க்காரர். இருபது வயதில் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பதினெட்டு வருடம் கழித்துப் பெர்மனென்ட் ஆனவர். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி அஞ்சலை முப்பது வருடம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டையை மூக்கருகே கொண்டுபோனாலே சொத்தையா நல்லதா என்று சொல்லிவிடுவார் என்று தனக்கோட்டி எல்லோரிடமும் பெருமை பேசுவார். இரண்டு பேரும் என்னோடு ஒருமுறை திருப்பதி வந்திருக்கிறார்கள்.

அன்று அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, எங்கேயாவது தண்ணீர் மேல் கூட்டிப்போகக் கேட்டார்.

“வேல பாத்த நாளெல்லாம் பள்ளத்துக்குள்ளாறவே பூடுச்சும்மா. இந்த ஒரு வருசமா வூட்டுக்குள்ளாற. ஒரு தபா கப்பல்ல போய்ப் பாக்கணும். அஞ்சலையும் கூட வரேன்னுச்சு.”

நான் சிரித்துக்கொண்டு தலையாட்டி அனுப்பினேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. விசாரித்தபோது, சென்னையிலிருந்து தெற்கே கரையை ஒட்டியே போய்த் திரும்பும் ஒரு சிறிய கப்பல் கிடைத்தது. ஐந்து நாள் பயணம். எழுபது பேர் ஏறலாம். தொற்றுக் காலம் என்பதால் பாதிப் பேரைத்தான் ஏற்றினார்கள். காற்றோட்டமான மேல்தளம், ஜன்னல் வைத்த அறைகள், கூடவே ஒரு டாக்டர். ஆயிரக்கணக்கான பேர் அடைந்துகிடக்கும் பெரிய கப்பல் இல்லை. இது பாதுகாப்பாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். மைன்ஸிலும் பவர் ஸ்டேஷனிலும் ரிட்டயர் ஆனவர்கள், அவர்கள் மனைவிமார் என்று ஒரே வாரத்தில் இருபத்து நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். பலர் வீட்டை விட்டு வெளியே வந்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

கப்பல் கம்பெனி ஆபீஸில் எதைக் கேட்டாலும் “எல்லாம் பாத்துக்குவாங்க மேடம்” என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கப்பலின் கேப்டனோடு பேச வேண்டும் என்று நச்சரித்து நம்பர் வாங்கினேன். தூத்துக்குடிக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் முகத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் யார் என்று கேட்டால் அவரை முதலில் சொல்வேன்.

கப்பலில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், எந்தத் துறைமுகம் உங்கள் நோயாளியை இறக்க விடும் என்று நீங்கள் விசாரித்தீர்களா என்று திருப்பிக் கேட்டார். நான் விசாரிக்கவில்லை.

“கர எப்பவும் கண்ணுக்குத் தெரிஞ்சுகிட்டேதான் இருக்கும் மேடம். ஆனா கர நம்மள ஏத்துக்கிடணும்லா? இந்தக் காலத்துல அது நிச்சயமில்ல பாத்துக்கிடுங்க. அதனால கேக்க வேண்டியத எல்லாம் கரையில இருக்கும்போதே கேட்டு முடிச்சிருங்க.”

அடுத்த இரண்டு நாள் வழியில் உள்ள துறைமுகங்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஓரிடத்தில் லெட்டர் எழுதிப் போடச் சொன்னார்கள். இன்னோரிடத்தில், நோயாளி என்ற சொல்லைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மூன்றாவதில் எடுக்கவே இல்லை. கேப்டன் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நோய் கப்பலில் ஏறிவிட்டால் பிறகு செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஏறாமல் பார்ப்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

அதற்காக ஒரு படிவம் தயாரித்தேன். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சுத் திணறல், வாசனை தெரியாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கீழே சிவப்பில், கொட்டை எழுத்தில், ஒரு வரி: “மேற்கண்ட அறிகுறி ஏதேனும் உள்ளவர்கள் பயணத்திலிருந்து நீக்கப்படுவார்கள்.” அந்த வரியை எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. கறாராக இருக்கிறோம் என்ற பெருமை. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு எல்லோருக்கும் பரிசோதனை. அத்தனை பேருக்கும் நெகட்டிவ். புறப்படும் முன்தினம் படிவத்தைக் கொடுத்தேன். ஒருவர் விடாமல் எல்லாக் கட்டத்திலும் “இல்லை” என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். படிவம் வாங்கிய அதே மண்டபத்தில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு போட்டேன். கப்பலில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று விளக்கிச் சொல்வதற்காகக் கூட்டிய கூட்டம் அது. நாற்காலியைத் தள்ளித் தள்ளித்தான் போட்டேன். ஆனால் ஒரு வருடமாகப் பார்க்காதவர்கள் பார்த்தால் தள்ளியா உட்காருவார்கள்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பாயசம் வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். எழுந்து போய்த் தடுத்திருக்க வேண்டும். சிரிக்கும் முகங்களைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நானும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பஸ் புறப்பட்டது. வடலூர் தாண்டுவதற்குள்ளேயே பஸ்ஸுக்குள் பலாப்பழ வாடை. அதுவும் நல்ல வாடையாக இல்லை. புளித்த வாடை. பவர் ஸ்டேஷனில் பெரிய என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆன வரதராஜன், சீசனுக்கு முன்னாலேயே வந்திருந்த ஒரு பழத்தைப் பண்ருட்டியில் தேடிப் பிடித்து வாங்கி, இரண்டு நாள் காரின் டிக்கியிலேயே வைத்திருந்து, கப்பலில் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். வெளிச்சாப்பாடு கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்றேன். சரி, குள்ளஞ்சாவடியில் டீக்கு நிறுத்தும்போது அறுத்துவிடலாம் என்றார்.

கூட்டுரோடு தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். பழத்தைப் பிளந்தார்கள். பத்தடி தள்ளி நின்ற டிரைவர் சேகர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். வரதராஜன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பழத்தின் மேல் இன்னும் நம்பிக்கை போகவில்லை. பலாப்பழ ஊர்க்காரர் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு சுளையை அஞ்சலையிடம் நீட்டினார்.

அஞ்சலை சுளையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வாயில் போட்டு மென்றார்.

“நல்ல பழங்க. சாப்புடலாம்” என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அஞ்சலையும் கூடவே சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் இன்னொரு சுளையை எடுத்து, யாரும் பார்க்காதபோது மறுபடியும் முகர்ந்து பார்த்தார். இரண்டு முறை. அவர் முகத்தில் வேடிக்கை இல்லை.

கை கழுவக் கூப்பிடுவதுபோல அவரைக் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கூட்டிப்போனேன். எத்தனை நாளாக வாசனை தெரியவில்லை என்று கேட்டேன். மறைக்கவில்லை. முந்தாநாள் காலையிலிருந்து என்றார். பரிசோதனை எடுத்த அன்று நன்றாகத்தான் இருந்ததாம். மறுநாள் எழுந்தால் காபியில் மணம் இல்லை, குழம்பில் ருசி இல்லை. சளி பிடித்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

“நேத்து அந்தத் தாள்ல கேட்டிருந்தேனே, ஏம்மா சொல்லல?”

“நீக்கிடுவோம்னு போட்டிருந்தீங்களேங்க” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “நா நின்னுட்டா அவுரும் நின்னுடுவாரு. ஒரு மாசமா அதயே பேசிக்கினு இருக்கற மனுசங்க.”

அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உண்மை சொன்னால் தண்டனை என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்து, அதைக் கையில் கொடுத்துவிட்டு உண்மை கேட்டவள் நான். இருபத்து நான்கு பேரும் “இல்லை” என்று எழுதியதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியவளும் நான்தான்.

அஞ்சலையை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, பஸ்ஸை ஒருமுறை சுற்றி நடந்தேன். இதை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நான் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவருக்குக் காய்ச்சல் இல்லை. கையில் நெகட்டிவ் காகிதம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் காகிதத்தையும் நெற்றிச் சூட்டையும் பார்ப்பார்களே தவிர, யாருக்கு வாசனை தெரிகிறது என்று கேட்கப்போவதில்லை. ஒருவேளை சளியாகவே இருந்தால்? ஒரு அழுகிய பலாச்சுளையை நம்பி இருபத்து நான்கு பேரைத் திருப்பிக் கூட்டிப்போன பைத்தியக்காரி என்று ஊரே சிரிக்கும். பத்து மாதம் மூடிக்கிடந்த ஆபீஸ் பிறகு திறக்கவே திறக்காது.

கேப்டனைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது: அவரைக் கேட்டால் வேண்டாம் என்பார், அவர் சொன்னதால் திரும்பினோம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தான் கூப்பிடப் பார்க்கிறேன். போனைப் பையில் போட்டுவிட்டேன்.

அப்போது டிரைவர் சேகர் பக்கத்தில் வந்தான். ஏதோ பிரச்சினை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கிறது. குறிஞ்சிப்பாடிப் பையன், ஐந்து வருடமாக எனக்கு வண்டி ஓட்டுகிறவன்.

“எதுவா இருந்தாலும் சொல்லிடுக்கா” என்றான் தணிந்த குரலில். “வூட்ல ஏழு மாசக் கொழந்த இருக்குது.”

எனக்குச் சுரீரென்றது. பயணிகள் இருபத்து நான்கு பேருக்கும் பரிசோதனை, எனக்கும் பரிசோதனை. சேகருக்கு இல்லை. அவன் கப்பலில் ஏறப்போவதில்லை என்பதால் என் எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. அறைக்கு அறை எத்தனை அடி இடைவெளி என்று கப்பலை அளந்தவள், நாலு மணி நேரம் எங்களோடு ஒரே பஸ்ஸில் மூச்சு விடப்போகிறவனை மறந்திருக்கிறேன். அவனைப்போல அந்தக் கப்பலிலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். சமைக்கிறவர்கள், அறை துடைக்கிறவர்கள், இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களும் என் பட்டியலில் இல்லை.

அதற்குப் பிறகு எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

சேகரிடம் நடந்ததைச் சொன்னேன். பயமாக இருந்தால் அவன் பஸ்ஸில் ஏற வேண்டாம், வேறு டிரைவரை வரவழைக்கிறேன் என்றும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். கண்ணாடி எல்லாவற்றையும் திறந்துவிட்டு, நல்ல மாஸ்க் இரண்டு கொடுத்தால் ஓட்டுகிறேன் என்றான்.

எல்லோரையும் பஸ்ஸுக்கு வெளியே மரநிழலில் தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னேன். நம்மில் ஒருவருக்கு அறிகுறி இருக்கிறது, யார் என்று சொல்லமாட்டேன், பயணம் இத்தோடு நிற்கிறது, நெய்வேலிக்குத் திரும்புகிறோம் என்றேன்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மகளிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள், கப்பலில் அறுபதாவது பிறந்தநாள் வைத்திருந்தவர், வாழ்க்கையில் இனி ஒருமுறை வாய்க்குமா என்று கேட்டவர். எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. வரதராஜன் மட்டும் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்திவிட்டு, மீட்டிங்கில் பேசுவதுபோலப் பேசினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு பழுது வந்தால் அந்தப் பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத்தை ஓட்டிப் பழகியவர்.

“யாருன்னு சொல்லுங்க. அவங்களுக்கு ஒரு கார் வெச்சு அனுப்பிடலாம். மீதிப் பேரு என்ன பண்ணோம்? எங்க எல்லார் கையிலயும் ரிப்போர்ட் இருக்கு.”

நேற்று எல்லோரும் ஒரே மண்டபத்தில் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், அதை ஏற்பாடு செய்தது நான், அதனால் அந்த ரிப்போர்ட்டுக்கு இன்று மதிப்பில்லை என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பேர் தெரியாமல் யாரும் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார். இரண்டு மூன்று பேர் ஆமோதித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் இருமினார்கள், யார் டீ குடிக்கவில்லை என்று. அந்தப் பார்வைகள் எனக்குப் பிடிக்கவில்லை.

“நாந்தாங்க” என்று குரல் வந்தது.

அஞ்சலை குழாயடி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மரநிழலில் நின்றிருந்தார். புடவைத் தலைப்பை மாஸ்க்கின் மேல் இன்னொரு சுற்று சுற்றியிருந்தார். “எனக்குத்தான் மூக்குல ஒண்ணும் ஏறல. மேடம் மேல தப்பு இல்லீங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். தனக்கோட்டிக்கு அதுவரை தெரியாது. அவர் மனைவியைப் பார்த்தார்.  பஸ்ஸில் ஏறி, மேலே வைத்திருந்த தங்கள் பையை இறக்கிக்கொண்டு வந்து அஞ்சலையின் காலடியில் வைத்தார். அந்தப் பயணத்துக்காகவே வாங்கிய புதுப் பை.

“நீங்கள்லாம் போங்க” என்றார் எல்லோரிடமும். “நாங்க எப்டியாச்சும் வூடு போய்ச் சேர்ந்துக்கறோம். எங்களால யாரும் நிக்க வாணாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதைவிட எளிதான வழி ஒன்று எனக்குக் கிடைத்திருக்காது. அவரே சொல்லிவிட்டார், அவரே இறங்கிவிட்டார், நான் சரி என்றால் போதும். இந்தத் தொழிலில் உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும். யாரோ ஒருவர் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டு உங்கள் பிரச்சினையைத் தீர்த்து வைப்பார். பெரும்பாலும் அது அந்தக் கூட்டத்திலேயே எதிர்த்துக் கேட்டுப் பழகாத ஆளாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பிரச்சினை உண்மையிலேயே தீர்ந்ததா, அல்லது கண்ணுக்குப் படாமல் போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

“இருபத்து நாலு பேரோட கிளம்பினோம். இருபத்து நாலு பேரோட திரும்பறோம்” என்றேன். தனக்கோட்டியின் பையை நானே எடுத்துப்போய்க் கடைசி வரிசையில் வைத்தேன். இருவரையும் அங்கே உட்காரச் சொல்லி, அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் காலியாக விட்ட வரிசைகளின் ஓரத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்த முக்கால் மணி நேரமும் காற்று உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. டவுன்ஷிப் ஆர்ச் தாண்டி இறங்கும்போது வரதராஜன் என் பக்கம் திரும்பாமலே, இனிமேல் உங்களோடு பக்கத்துத் தெருவுக்குக்கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்குள் பஜார் முழுக்கச் செய்தி பரவியது. நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பாமல் பலாப்பழத்தை நம்பினாளாம் என்று சிரித்தார்கள்.

கேப்டனுக்கு அன்று சாயங்காலம்தான் போன் செய்தேன். கம்பெனியில் கடுங்கோபம் என்று சொன்னார். எங்கள் ஆட்கள் இல்லாததால் அந்தப் பயணத்தையே ரத்து செய்துவிட்டார்களாம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்க விடவில்லை.

“எங்க பசங்க கீழ ஒரே ரூம்ல ஆறு பேரு படுத்துக் கிடக்கானுவ மேடம். நீங்க அத யோசிச்சீங்களோ என்னமோ. நான் யோசிச்சேன்” என்றார்.

மறுநாள் மாலை அஞ்சலைக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. அடுத்த ஒரு வாரத்தில் தனக்கோட்டி, நான், அந்த மண்டபத்தில் அஞ்சலையோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட இரண்டு பேர், அடுத்த மேஜையில் இருந்த வரதராஜன் என்று ஒவ்வொருவராக. மற்றவர்களுக்கெல்லாம் லேசாக வந்து போனது. வரதராஜனுக்கு மட்டும் நுரையீரலில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார். பிழைப்பாரா என்று அவர் மனைவிக்கே சந்தேகமாக இருந்த நாட்கள் உண்டு. என் தனிமை அறையிலிருந்து தினமும் அந்த அம்மாவுக்குப் போன் செய்வேன். அடுத்த போன் சேகருக்கு. அவனுக்கும் குழந்தைக்கும் ஒன்றும் வரவில்லை என்று பதினான்காவது நாள் அவன் சொன்னபோது, போனை வைத்துவிட்டு அழுதேன்.

கொஞ்ச நாளிலேயே இரண்டாவது அலை வந்தது. அதில் என்னென்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குள் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து வரதராஜன் ஆபீஸுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். மன்னிப்பு, நன்றி என்று எதுவும் அவர் பேசவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

“எனக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சது நாலாவது நாள் காலைல. நாம போயிருந்தா, அன்னைக்குக் கப்பல் எங்க இருந்திருக்கும்?”

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் கழற்றி மேஜையில் விரித்தேன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கரையை விட்டுக் கொஞ்சம் விலகி, வெறும் நீலமாக இருந்த ஓரிடத்தில் பென்சிலை வைத்தேன். அந்த நீலத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரைபடத்தை அவரே சுருட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அஞ்சலையைப் பார்க்க நான்தான் காடாம்புலியூர் போனேன். என் பழைய படிவத்தையும் எடுத்துப்போயிருந்தேன். இதில் எப்படி எழுதியிருந்தால் நீங்கள் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்தச் சிவப்பு வரியை எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார்.

“நீக்கிடுவோம்னு போடாதீங்க” என்றார். “எடத்தக் காலியா வெச்சிருப்போம்னு போடுங்க.”

இருபத்தாறு வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றாதது. அன்றே அந்த வரியை மாற்றினேன். “உடம்பு சரியில்லை என்று சொல்பவரின் இடம் அடுத்த பயணத்தில் அவருக்காகக் காத்திருக்கும். அவர் யார் என்பதை யாரிடமும் சொல்லமாட்டோம்.” அந்தப் படிவத்தில் டிரைவருக்கும் ஒரு பக்கம் சேர்த்தேன். இன்று நம் ஊர் ஆபீஸ்களில் நீங்கள் வைத்திருக்கும் படிவத்தில் அந்த வரி இருந்தால், அது அஞ்சலை சொன்னது.

அதற்கு அடுத்த வருடம், எல்லோரும் ஊசி போட்டு முடித்து, தொற்று ஓய்ந்த பிறகு, இன்னொரு சிறிய கப்பலில் அதே ஆட்களைக் கூட்டிப்போனேன். நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடத்திய கடைசிப் பயணம் அது. வரதராஜனும் பேர் கொடுத்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து பேர் கொடுத்தவர் அவர்தான். மூன்று மாதமாக டாக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சி செய்து, தினமும் டவுன்ஷிப் சாலையில் நடந்து, இந்தப் பயணத்துக்காகவே உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

புறப்படும் முன்தினம் மதியம் அவர் போன் செய்தார்.

“நேத்துலேந்து தொண்ட கரகரங்குது. சாதாரண சளியாத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிடறேன்” என்றார். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டார். அது சாதாரணச் சளிதான் என்று நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. அப்போது நாங்கள் கடலில் இருந்தோம். இதையெல்லாம் எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார்.

புறப்பட்ட அன்று பஸ்ஸில் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, முன்வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. தனக்கோட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து சேகரோடு பேசிக்கொண்டிருந்தார். அஞ்சலை அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, என்ஜினியர் சாரும் அந்த அம்மாவும் வரவில்லையா என்று என்னிடம் கேட்டார்.

“அவருக்கு ஒரு வேலை வந்துடுச்சு. அடுத்த தடவை வருவாங்க” என்றேன்.

அஞ்சலை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழாதபடி குனிந்து, “வெந்நி வெச்சிக் குடிக்கச் சொல்லுங்க” என்றார்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னார்.